பச்சை விளக்கு அணையக் கற்றது

“எரியிற விளக்கை நம்பி…” என்று செண்பகராமனின் மாமனார் ஏதோ ஒரு பழமொழி சொல்வார். பின்பாதி அவருக்கு ஒருநாளும் நினைவில் நின்றதில்லை.

அந்தக் காலத்தில் கணினிக்குள் இருந்தவையெல்லாம் வாய்விட்டுப் பேசும். செண்பகராமனின் கணினியில் இரண்டு பேர் குடியிருந்தார்கள். ஒருவர் கம்பைலர். எழுதியதை வரிவரியாகப் படித்து, ஓடக்கூடிய நிரலாகக் கட்டித் தருபவர், கொஞ்சம் முசுடு. இன்னொன்று திரை மூலையில் இருந்த விளக்கு. நல்லபடியாகக் கட்டி முடிந்தால் பச்சை, பிழை என்றால் சிவப்பு. பச்சையைக் கண்டதும் மனிதர் முகம் மலர்வதைப் பார்த்துப் பார்த்து, அதற்குச் சிவப்பின்மேல் மனமே போவதில்லை.

ஒரு நாள், அணை மதகுக்கான நிரலில் செண்பகராமன் ஒரு திருத்தம் செய்தார். மதகு திறந்த பிறகு ஊதிக்கொண்டிருந்த எச்சரிக்கைச் சங்கு, இனி பத்து நிமிடம் முன்பே ஊத வேண்டும். ஆற்றில் இறங்கியவர்கள் கரையேற வேண்டுமே. எழுதிக் கட்டச் சொல்லிவிட்டு, டீ குடித்துத் திரும்பினார். மூலையில் பச்சை. நிரலை மதகில் ஏற்ற அணையில் காத்திருந்த ஜெபக்கனிக்கு அதை அனுப்பிவைத்தார்.

“ஏத்தியாச்சு அண்ணாச்சி. நாலு மணிக்குத் திறக்கோம்” என்றாள் அவள் போனில்.

சற்று நேரம் கழித்துக் கம்பைலர் செருமினார். “எதைவே அனுப்பினீரு?”

“இப்பக் கட்டினதை.”

“நான் எங்க கட்டினேன்? நாற்பதாவது வரியில ஒரு அடைப்புக்குறியை மூடாம விட்டிருக்கீரு. அங்கயே உக்காந்துட்டேன். நீரு அனுப்பினது காலையில கட்டின பழசு.”

செண்பகராமன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலாகி மூன்று நிமிடம். ஜெபக்கனியின் எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினார்.

“திறந்துட்டியாம்மா?”

“எங்க திறக்க? மதகுச் சாவி காவலாளி கோலப்பண்ணன்கிட்டல்லா இருக்கு. ஆத்தைக் கண்ணால பாக்காமத் தரமாட்டேங்காரு. ‘சங்கு ஊதும்ணே’ன்னா, ‘உன் சங்குக்குக் கண்ணிருக்கா’ன்னு கேக்காரு. கீழ ஏழெட்டுப் பொம்பளைங்க துணி அலசுதாங்களாம்.”

“அந்த மனுசனுக்குக் கோயில் கட்டணும். எதையும் தொடாத. புதுசு அனுப்புதேன்.”

போனை வைத்தார். விளக்கைப் பார்த்தார். அது இன்னும் பச்சையாகவே சிரித்துக்கொண்டிருந்தது.

“ஏன்லே பொய் சொன்ன?”

“நான் எங்க பொய் சொன்னேன்? காலையில கட்டினது நல்லாத்தான இருந்துச்சு? அதுக்குக் காட்டின பச்சை இது.”

“அப்ப நான் பிழை பிழைன்னு தொண்டை கிழியக் கத்தினது?” என்றார் கம்பைலர்.

“கேட்டுச்சு. டீ குடிச்சிட்டு வாற மனுசனுக்கு எதுக்குச் செவப்புன்னு…” என்று இழுத்தது விளக்கு.

செண்பகராமனுக்குக் கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. அடைப்புக்குறியை மூடினார். கம்பைலர் கட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, முடிந்ததும் அவர் வாயாலேயே கேட்டுக்கொண்டு அனுப்பினார். நாலரைக்குச் சங்கு ஊதியது. பெண்கள் கரையேறிய பிறகே மதகு திறந்தது.

அன்று முதல்தான், யாராவது நிரலில் ஓர் எழுத்தைத் தொட்டாலே பச்சை அணைந்துவிட வேண்டும், புதிதாகக் கட்டி முடியும்வரை எரியவே கூடாது என்று அவர் விதி வைத்தார்.