முதலைப் படத்துக்கு எத்தனை கொத்து?

ஆனைமடுக் காட்டில் எல்லா விலங்குகளுக்கும் சினிமாப் பைத்தியம். வீரணன் என்ற கரடியின் குகையில்தான் படம் ஓடும். உள்ளே பட்டப்பகலிலும் கும்மிருட்டு. எதிர்ச்சுவர் வழவழப்பான வெள்ளைப் பாறை. வாசலில் ஏதாவது ஒரு பழத்தை வைத்துவிட்டு யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம்.

படம் பார்ப்பதைவிட, பார்த்துவிட்டு வந்து பேசுவதில்தான் அவற்றுக்கு ருசி அதிகம். ஓடைக்கரையில் கூடி, பாட்டு எப்படி, சண்டை எப்படி, இடைவேளைக்கு அப்புறம் இழுவையா என்று பொழுது சாயும்வரை அலசும். ஆனாலும் கடைசித் தீர்ப்பு வடிவு என்ற மரங்கொத்தியுடையது. அவள் முதல் காட்சி பார்த்துவிட்டு நேரே பட்டுப்போன தேக்கு மரத்துக்குப் பறப்பாள். படம் பிரமாதம் என்றால் ஐந்து கொத்து. பார்க்கலாம் என்றால் மூன்று. தலைவலி என்றால் ஒன்று. அந்தச் சத்தம் காடு முழுக்கக் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் பலர் குகைப் பக்கமே கிளம்புவார்கள்.

அந்தக் கோடையில் நல்லமுத்து என்ற நரி ஒரு படம் எடுத்து வந்தான். படத்தின் பெயர் ‘முதுகில் ஒரு மழலை’. கதாநாயகன், ஆனைமடுவில் கிடக்கும் முதலை.

செய்தி கேட்டுக் காடே மூக்கில் விரல் வைத்தது. ஆற்றில் ஆழமான இடம் அந்த மடு. அங்கே கிடக்கும் முதலையின் பேச்சை எடுத்தாலே குட்டிகள் தாயின் காலுக்குள் புகுந்துகொள்ளும். அப்பேர்ப்பட்டவன் நடித்த படமா என்று எல்லோருக்கும் ஆவல் பொங்கியது.

படம் வெளியாகும் முன்பே நல்லமுத்து தேக்கு மரத்தடிக்கு வந்தான். வடிவின் கொண்டையைப் புகழ்ந்தான். அவளுடைய ரசனையைப் புகழ்ந்தான். பிறகு, மடுவின் அக்கரையில் புழு நெளியும் மரங்கள் வரிசையாக நிற்பதாகவும், ஐந்து கொத்து விழுந்துவிட்டால் அத்தனையும் அவளுக்கே என்றும் காதோடு சொன்னான்.

“படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றாள் வடிவு. 

முதல் காட்சிக்குப் போனாள். படம் நன்றாக இருந்தது. அதுதான் சங்கடம். தாயில்லாத ஒரு மான்குட்டி பசியோடு கரையில் நிற்கிறது. அக்கரையில் நாவல் மரங்கள் பழுத்துக் கிடக்கின்றன. யாரும் உதவவில்லை. முதலை மெல்ல நீந்தி வந்து, “ஏறிக்கொள் கண்ணு” என்று முதுகைக் காட்டுகிறது. குட்டி ஏறுகிறது. நடு ஆற்றில் ஒரு தாலாட்டு. முதலையின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிகிறது. பாட்டு முடியும்போது குட்டி அக்கரையில் இறங்கித் துள்ளி ஓடுகிறது.

குகையில் அழாதவர் இல்லை. வடிவும் அழுதாள். பாதிப் படத்தில் தூங்கிய காட்டுப்பன்றிகூட விழித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து அழுதது.

வடிவு தேக்கு மரத்துக்கு வந்து அலகை ஓங்கினாள். ஐந்து என்றுதான் மனதில் இருந்தது. ஆனால் அலகு இறங்கவில்லை. ஏதோ ஒன்று முள்ளாக உறுத்தியது. கண்ணை மூடி, படத்தை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தாள். மரப்பட்டையில் ஊசி நுழையாத துளையைக்கூடத் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கம் அவளுக்கு. முதலையின் முதுகில் ஏறிய குட்டியின் இடது காது நுனியில் சின்னதாக ஒரு கிழிசல் இருந்தது. இறங்கி ஓடிய குட்டிக்கு?

சரியாக நினைவில்லை. கண்ணீர் மறைத்திருந்தது.

அன்று கொத்துச் சத்தம் கேட்கவே இல்லை. காடு காத்திருந்து பார்த்துவிட்டு, தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டது. குரங்கு ஐந்து கொடுத்து, வாலையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. நடனம் போதாது என்று மயில் குறைபட்டாலும், அழுகைக்காக ஐந்து கொடுத்தது. இன்னும் படம் பார்க்காத ஆமையும் ஐந்து என்றது. எல்லோரும் சொல்லும்போது தான் மட்டும் ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்டது.

மறுநாள் வடிவு மீண்டும் குகைக்குப் போனாள். இந்த முறை முதலையின் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டைக் கேட்கவில்லை. குட்டியின் காதையே பார்த்தாள். ஏறிய குட்டிக்குக் காது கிழிந்திருந்தது. இறங்கிய குட்டிக்கு இரண்டு காதும் முழுசாக இருந்தன. உயரம் ஒன்று, புள்ளிகள்கூட ஏறக்குறைய ஒன்று. ஆனால் அது வேறு குட்டி.

 நேரே பறந்து போய்த் தேக்கு மரத்தில் ஒரே ஒரு கொத்துக் கொத்தினாள்.

காடு கொதித்தது. மரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. இவளுக்குப் பொறாமை என்று காகங்கள் கத்தின. இரண்டு தரம் பார்த்துவிட்டு ஒன்று கொடுப்பது என்ன நியாயம் என்று குரங்கு எகிறியது. வடிவு தான் கண்டதைச் சொன்னாள். ஏறிய குட்டி வேறு, இறங்கிய குட்டி வேறு என்றாள்.

“நீ படம் பார்க்கப் போனாயா, காது பார்க்கப் போனாயா?” என்று குரங்கு கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

நல்லமுத்துவும் சிரித்தான். சினிமாவில் ஆள் மாற்றுவது சகஜம் என்று பொறுமையாக விளக்கினான். முதல் குட்டிக்குச் சளி பிடித்துவிட்டதாம், ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம், அதனால் மிச்சத்தை இன்னொரு குட்டியை வைத்து எடுத்தார்களாம். கூட்டத்துக்கு அது போதுமாக இருந்தது. அந்தச் சூட்டோடு சூடாக நரி ஒரு அறிவிப்பும் செய்தான். நாளைக் காலைக் காட்சி முடிந்ததும் காட்டிலுள்ள குட்டிகளையெல்லாம் முதலை தன் முதுகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகப் போகிறது. எல்லோருக்கும் நாவல் பழம். படத்தில் நடித்த மான்குட்டியும் நேரில் வருகிறது.

குட்டிகள் குதித்தன. தன்னைத்தான் முதலில் ஏற்ற வேண்டும் என்று செண்பகம் என்ற புள்ளிமானின் குட்டி அடம்பிடித்தது. செண்பகமும் சரி என்று தலையாட்டினாள்.

கூட்டம் கலைந்த பிறகு வடிவு கிளையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வலித்தது. இத்தனை காலம் அவளுடைய கொத்தைக் கேட்டு நடந்தவர்கள் ஒரே நாளில் கேலி பேசிவிட்டார்கள். பேசாமல் இன்னும் நாலு கொத்துக் கொத்தி ஐந்தாக்கிவிட்டால் பழையபடி மதிப்பார்கள். நரி சொன்னது உண்மையாகக்கூட இருக்கலாம். சளிதான் பிடித்திருக்கலாம்.

ஆனால் அப்படி இல்லாவிட்டால்?

அந்தக் கேள்வி அவளை எழுப்பிவிட்டது. கேலி நாளைக்கு மறந்துபோகும், போன குட்டி திரும்பாது. எல்லோரையும் நம்பவைக்க முடியாவிட்டால் ஒருத்தியையாவது நம்பவைத்தே தீருவது என்று முடிவு செய்தாள்.

முதலில் வீரணனிடம் போனாள். காட்சியை நிறுத்தச் சொன்னாள். கரடி தலையைச் சொறிந்தான்.

“ஊரே ஐந்து ஐந்து என்கிறது, வடிவு. நான் நிறுத்தினால் குகையை இடித்துவிடுவார்கள்.”

“நிறுத்த வேண்டாம். நான் குரல் கொடுக்கும் இடத்தில் மட்டும் படத்தை அசையாமல் பிடித்து வை. அது போதும்.”

அதற்குக் கரடி ஒப்புக்கொண்டான்.

அடுத்து செண்பகத்தைத் தேடிப் போனாள். ஓடையோரம் புல் மேய்ந்துகொண்டிருந்த செண்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வடிவு கெஞ்சவில்லை, வாதாடவும் இல்லை.

“நான் சொல்வதை நம்ப வேண்டாம், செண்பகம். நாளைக்குப் பாட்டு வரும்போது மட்டும் கண்ணைத் துடைக்காதே. குட்டியின் இடது காதையே பார். உனக்கும் குட்டி இருக்கிறது. பார்த்துவிட்டு, தாயாக உனக்கு என்ன கேட்கத் தோன்றுகிறதோ அதைக் கேள்.”

செண்பகம் மறுபடி புல்லுக்குக் குனிந்தாள்.

மறுநாள் காலை குகையில் கால் வைக்க இடமில்லை. குட்டிகள் எல்லாம் முன்வரிசையில் இருந்தன. வெள்ளைப் பாறைக்குப் பக்கத்தில் நல்லமுத்து நின்றான். அவனை ஒட்டி, படத்தில் அக்கரையில் துள்ளி ஓடிய மான்குட்டி நின்றது. அதன் பெயர் மருது என்று சொன்னான். குட்டிகள் ஆரவாரம் செய்தன. மருது சிரிக்கவில்லை. யாரையோ தேடுவதுபோல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

படம் ஓடியது. முதலை வந்தது. குட்டி ஏறியது. தாலாட்டு தொடங்கியதும் வழக்கம்போல மூக்கு உறிஞ்சும் சத்தம் கிளம்பியது. செண்பகத்துக்கும் அழுகை வந்தது. ஆனாலும் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டாள். குட்டி அக்கரையில் இறங்கியது.

“வீரணா, பிடி” என்றாள் வடிவு.

படம் சுவரில் அப்படியே நின்றது. முழுக்காதுகளோடு ஒரு குட்டி. செண்பகம் பாறையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற மருதுவைப் பார்த்தாள். ஒன்றுதான். ஆனால் ஏறியது இது இல்லை.

நரி முந்திக்கொண்டு, சளி பிடித்த கதையை மறுபடி தொடங்கினான். செண்பகம் அவனைக் கண்டுகொள்ளவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மருதுவின் அருகே போய், அதன் நெற்றியை ஒரு தரம் நக்கிக் கொடுத்தாள்.

“முதுகில் ஏறியது யாரப்பா?”

“என் அண்ணன்” என்றது மருது. “நாங்கள் இரட்டை. நான் ஏறவே இல்லை. அக்கரையில் நின்று ஓடு என்று நரி மாமா சொன்னார், ஓடினேன்.”

“அண்ணன் இப்போது எங்கே?”

“நாவல் காட்டில் இருக்கிறானாம். படம் நன்றாக ஓடினால் வந்துவிடுவான் என்று மாமா சொன்னார்.” குட்டி சற்று யோசித்தது. “நான் அங்கே நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவன் வரவில்லை.”

 வீரணன் தன்னையறியாமல் பிடியை விட்டுவிட்டான் போலும், படம் மறுபடி ஓடத் தொடங்கியது. முடிவில் வரும் காட்சியில் முதலை மறுபடியும் கண்ணீர் விட்டு அழுதது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் அழவில்லை.

நல்லமுத்து மெல்ல வாசலை நோக்கி நகர்ந்தான். காட்டுப்பன்றி குறுக்கே நின்றது. முதலைக்கு இரை சேர்த்துக் கொடுத்தால் மிச்சத்தில் பங்கு என்ற ஒப்பந்தத்தை அங்கேயே வைத்து அவன் வாயிலிருந்து வரவழைத்தார்கள். பிறகு காட்டின் எல்லைவரை விரட்டிக்கொண்டு போய் விட்டார்கள். மடுவில் முதலை உச்சிவெயில்வரை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. கரைக்கு ஒரு குட்டியும் வரவில்லை. மழைக்காலம் வந்து ஆறு பெருகியபோது அது வேறு இடம் பார்த்துப் போய்விட்டது.

மருதுவைச் செண்பகம் தன்னோடு வைத்துக்கொண்டாள். அண்ணன் எப்போது வருவான் என்று அது கேட்டபோது அவள் கதை கட்டவில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டு, வரமாட்டான் என்று சொன்னாள். அது அழுது முடிக்கும்வரை அப்படியே இருந்தாள்.

ஓடைக்கரையில் எல்லோருக்கும் வடிவின் முகத்தைப் பார்க்கக் கூச்சம். தனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது என்று குரங்கு மட்டும் சொல்லிப் பார்த்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. கடைசியில் ஆமைதான் கழுத்தை நீட்டிக் கேட்டது. நீயும் அந்தப் படத்தைப் பார்த்து அழுதாயாமே, பிடிக்காமலா அழுதாய் என்று.

“பிடித்துத்தான் அழுதேன்” என்றாள் வடிவு. “நான் அழுததும் நிஜம், காது மாறியதும் நிஜம். ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கினால் நான் உங்களுக்குப் படத்தைப் பற்றி எதுவுமே சொல்லாத மாதிரி.”

ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு, இனிமேல் பார்க்காத படத்துக்குத் தானும் எதுவும் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கியது.

ஊரே ஒரே குரலில் மெச்சும் ஒன்றிலும் தன் கண்ணில் பட்ட குறையை மறைக்காமல் சொல்பவரின் கருத்துதான், கேட்பவருக்குக் காவலாக நிற்கும்.