தட்டில் ஒதுக்கிய பலாச்சுளை

கடலைப் பார்த்து வாசல் வைத்த நாடு ஒன்று முன்பு இருந்தது. அதை மகரவர்மன் ஆண்டான். ஒருநாள் அவன் கடைவீதி வழியே பல்லக்கில் போனபோது, காதில் விழுந்த பேச்சில் பாதி அவனுக்குப் புரியவில்லை. அரண்மனைக்குத் திரும்பியதும் ஆணை பிறந்தது. வெளிநாட்டில் பிறந்த எவரும் அனுமதிக்கு அடையாளமான செப்பு வில்லை இல்லாமல் இங்கே எந்த வேலையும் செய்யக் கூடாது. உள்ளூரில் மணம் முடித்தவர்களுக்கு மட்டும் வில்லை உண்டு. அதற்கும் உள்ளூர்க்காரரான துணை சுங்க மண்டபத்துக்கு நேரில் வந்து, வரிசையில் நின்று, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மணம் மெய்யா பொய்யா என்று சுங்க அமைச்சர் அனந்தபூபதி தீர்மானிப்பார்.

அனந்தபூபதியின் தீர்ப்பு எளிமையானது. பதில் தவறென்றால் மணம் பொய். பதில் சரியென்றால் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். ஆகவே அதுவும் பொய்.

துறைமுகத்தில் பாய்மரம் ஏறும் கலியன் கீழே விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டிருந்தான். தீவு நாட்டிலிருந்து வந்த அவன் மனைவி சுமேதா படகுப் பாய் தைத்துத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. கலியன் கோலூன்றிப் போய் வரிசையில் நின்றான். உன் மனைவி சாப்பிடும்போது தட்டில் எதை ஒதுக்குவாள் என்று அமைச்சர் கேட்டார்.

"கத்திரிக்காய ஒதுக்கிருவா சாமி. நாக்கு அரிக்குதும்பா."

இவ்வளவு விரைவாக வரும் பதில் பாடம் பண்ணியதுதான் என்றார் அமைச்சர். கலங்கரை விளக்கு ஏற்றும் நாளில் புறப்படும் முதல் கப்பலில் சுமேதாவை ஏற்றி அனுப்பிவிட உத்தரவாயிற்று.

அரசவை விகடன் தத்தன் இதைச் சபையில் எடுத்துச் சொன்னான். அரசன் தத்தனின் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதை அனந்தபூபதியால் வெகுகாலமாகவே பொறுக்க முடியவில்லை. "அயலார்மீது இத்தனை அக்கறை உள்ளவரிடமே துறைமுகக் காவலை ஒப்படைக்கலாம், அரசே. வில்லையில்லாத ஒரு கை வேலை செய்தாலும் அவர் பதவி விலகட்டும்" என்றார். ஆயிரம் அயலார் புழங்கும் துறைமுகத்தில் யாராவது ஒருவர் தப்பாமல் இருக்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அரசன் சம்மதித்தான். யாருக்காவது விலக்கு உண்டா என்று தத்தன் கேட்டான். எவருக்கும் இல்லை என்றான் அரசன்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பருவக்காற்று அடங்கியபின் பட்டத்தரசி தன் கையால் கலங்கரை விளக்கை ஏற்றுவாள். அதன் பிறகுதான் படகுகள் கடலில் இறங்கும். இன்னொரு வழக்கமும் இருந்தது. அந்நாட்டு அரசர்கள் வெளிநாட்டில்தான் பெண் எடுப்பார்கள்.

அன்று கரையில் படகுகள் நிரம்பி நின்றன. அரசி கோதைமாலை பந்தத்தோடு படியேறியபோது தத்தன் குறுக்கே நின்றான்.

"பொறுத்தருள வேண்டும் தேவி. தாங்கள் பிறந்தது மலைநாடு. வில்லை இருக்கிறதா?"

அனந்தபூபதி பதறி முன்னே வந்தார். விளக்கேற்றுவது சடங்கே தவிர வேலையல்ல என்றார்.

"அப்படியானால் ஏற்றாமலே விட்டுவிடலாம். படகுகள் புறப்படட்டும்" என்றான் தத்தன்.

படகுக்காரர் ஒருவரும் அசையவில்லை. அரசனுக்குக் கோபம் வந்தது. ஆனால் விலக்கு இல்லை என்று சொன்னதும் அவன்தான். சுங்க மண்டபத்துக்குப் போனான். வரிசையில் ஒரு மீன்காரிக்குப் பின்னால், தன் முறை வரும்வரை நின்றான். பின்னோடு வந்த அரசியும் தத்தனும் ஓரமாக நின்றார்கள். அமைச்சர் வியர்த்துக்கொண்டே அரசியின் பெயர் என்னவென்று கேட்டார். கலியனிடம் கேட்ட கேள்வியைத்தான் கேட்க வேண்டும் என்று தத்தன் நினைவூட்டினான்.

அரசி தட்டில் எதை ஒதுக்குவாள்? மகரவர்மன் நெடுநேரம் யோசித்து, "பாகற்காய்" என்றான்.

"பாகற்காய் எனக்கு மிகவும் பிடிக்கும்" என்றாள் அரசி. "நான் ஒதுக்குவது பலாச்சுளை. வந்த நாள் முதல் தாங்கள் எனக்கு அனுப்பி வைப்பதும் அதைத்தான்."

தத்தன் அமைச்சர் பக்கம் திரும்பினான். "பதில் தவறு. அரசரின் மணம் மெய்யா, பொய்யா? தீர்ப்பைச் சொல்லுங்கள்."

முதலில் சிரித்தவன் அரசன்தான். பிறகு கலியனை அழைத்துவரச் சொல்லி, அதே கேள்வியைத் தானே கேட்டான். கத்திரிக்காய் என்று பதில் உடனே வந்தது.

"இதை மனப்பாடம் என்றீரே, அமைச்சரே. எனக்கு அதுகூட இல்லாமல் போயிற்று" என்றான் அரசன். சுமேதாவுக்கும் அரசிக்கும் ஒரே நேரத்தில் வில்லை கொடுக்கப்பட்டது. இனி உள்ளூர்த் துணையின் சொல்லே போதும் என்று ஆணை மாறியது. விளக்கு எரிந்தது, படகுகள் இறங்கின.

என்ன பரிசு வேண்டும் என்று அரசன் தத்தனைக் கேட்டான்.

"ஒரு செப்பு வில்லை. என் காவலில் ஓர் அயலான் தப்பிவிட்டான், அரசே."

"யார் அவன்?"

"நான்தான். எந்த ஊரில் பிறந்தாய் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை."

அனந்தபூபதியின் முகம் மலர்ந்தது. தத்தனுக்கு மனைவியும் இல்லையே, அவனுக்காக யார் பதில் சொல்வார் என்று கேட்டார்.

"என்னோடு தினமும் உண்பவர் அரசர்தான். அவரையே கேளுங்கள்."

வேறு வழியின்றி அமைச்சர் கேட்டார். தத்தன் தட்டில் எதை ஒதுக்குவான்?

"இவனா? இவன் இன்றுவரை எதையும் ஒதுக்கியதில்லை" என்றான் மகரவர்மன்.

பதில் சரி என்றான் தத்தன். அரசன் கண்ணில் நீர் வரச் சிரித்து, வில்லையைத் தன் கையாலேயே அவன் கழுத்தில் கட்டினான். அன்று முதல் அரண்மனைப் பலாச்சுளை முழுவதும் தத்தன் வீட்டுக்குப் போயிற்று.