இருபது சதவீதம் குறைக்க ஒரு வழி

மதுரையில் பத்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் செவந்தி ஏ.சி. ஆபரேட்டராக இருந்தாள். கட்டடத்தின் கார்பன் வெளியேற்றத்தை இருபது சதவீதம் குறைக்காவிட்டால் காலி செய்துவிடுவோம் என்று அங்கே வாடகைக்கு இருந்த பெரிய கம்பெனி எழுதிவிட்டது.

முதலாளி சிதம்பரநாதன் அவளைக் கூப்பிட்டார். "கரண்ட் செலவு குறையணும். புதுசா எதுவும் வாங்க மாட்டேன். இருக்கிற எதையும் நிறுத்தவும் கூடாது. முடியலேன்னா நீயும் உன் ஆளுங்க ஆறு பேரும் வேற வேலை பாத்துக்குங்க."

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் கம்பெனி அதிகாரிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே அக்னி நட்சத்திரம் கொளுத்தியது.

"வழி கண்டுபிடிச்சியா?" என்று அவர்கள் முன்னாலேயே அதட்டினார் முதலாளி.

செவந்தி கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பாதி பயம், பாதி குளிர். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன் சார். நீங்க போட்டிருக்கிற கம்பளிக் கோட்டைக் கழற்றினா போதும்."

"என்னடி திமிரு!"

"பதினேழு டிகிரி வைக்கச் சொன்னது நீங்கதான் சார். அந்தக் குளிர் தாங்காம கம்பளி போட்டிருக்கிறதும் நீங்கதான். இருபத்தஞ்சுல வச்சா ரெண்டுமே வேண்டியதில்லை."

அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். முதலாளி முகம் சிவக்க, பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

அடுத்த மாதம் மீட்டரில் கரண்ட் செலவு இருபத்திரண்டு சதவீதம் குறைந்திருந்தது. அன்றைக்குத்தான் செவந்தி வயிறாரச் சாப்பிட்டாள்.