கன்னம் வைத்தவர் வம்சம்

வேலங்காட்டுச் சீமையை வல்லப பூபதி ஆண்டபோது, அவர் மகனுக்கு மஞ்சக்குன்றத்து இளவரசியைப் பேசினார்கள். இருவரும் ஒரு தேர்த்திருவிழாவில் பார்த்துப் பேசி, மனத்துக்குள் முடிவு செய்துவிட்ட விஷயம்தான். ஆனால் பெண்ணைப் பெற்ற அரசருக்குக் குலப்பெருமை கொஞ்சம் தூக்கல். “உங்கள் வம்சத்தை முதல் தலைமுறை வரை பழைய ஓலைகளைக் கொண்டு காட்டுங்கள். பிறகு தாம்பூலம் மாற்றலாம்” என்று சொல்லியனுப்பினார். சரிபார்க்க ஒரு தூதரும் வருவதாகச் செய்தி.

வல்லப பூபதி சிற்றம்பலத்தைக் கூப்பிட்டார். சிற்றம்பலம் அரசவைப் புலவர். பாட்டு சுமார்தான். பேச்சுக்காகவே அரசர் அவரை வைத்திருந்தார்.

“ஓலை அறையைத் திறந்து என் வம்சத்தைத் தேடும். சூரியனில் போய் முடிந்தாலும் கூசாமல் எழுதும்.”

சிற்றம்பலம் தூசியில் தும்மிக்கொண்டே தேடினார். அரசரின் பாட்டனார் தம் மாமனாரிடம் யானை கேட்டு எழுதிய கடிதம் கிடைத்தது. “யானை இல்லை, கரும்பு அனுப்புகிறேன்” என்ற பதிலும் கிடைத்தது. அதற்கும் கீழே ஒரு மரண சாசனம். அதைப் படித்ததும் அவருக்குத் தும்மல் நின்றுவிட்டது.

அரசரிடம் போய், “முதல் தலைமுறை கிடைத்துவிட்டார், அரசே” என்றார்.

“சூரியன்தானே?”

“இல்லை. சூரியன் மறைந்த பிறகு வேலைக்குக் கிளம்புகிறவர்.”

அரசருக்குப் புரியவில்லை. சிற்றம்பலம் சாசனத்தின் முதல் ஏட்டை வாசித்தார். ‘பிள்ளை இல்லாத அரசனாகிய நான், என் கருவூலச் சுவரில் கன்னம் வைத்துத் திருட வந்த உடும்பனுக்கு என் சீமை முழுவதையும் எழுதிவைக்கிறேன்.’

அரசரின் முகம் கறுத்தது.

“இன்னொரு ஏடும் இருக்கிறது, அரசே.”

“இந்த ஒன்றே போதும். கொளுத்திவிடும்.”

“கொளுத்தலாம். ஆனால் கட்டின் கயிறு புதிதாக இருக்கிறது. எனக்கு முன்பே யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.”

யார் என்று இருவருக்கும் தெரியும். அந்த அறையின் சாவி பொக்கிஷக்காரர் விருப்பாட்சியிடம் இருந்தது. தன் மகளை இளவரசனுக்குக் கட்டிவைக்க அவர் நெடுநாளாக முயன்றுகொண்டிருந்தார்.

அரசர் எழுந்து நடந்தார். “தூதர் முன்னால் நீர் பொய் சொல்லக்கூடாது. நானும் தலைகுனியக்கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் நீர் சீமையை விட்டுப் போகவேண்டியதுதான்.”

சிற்றம்பலம் சிரித்துக்கொண்டே விடைபெற்றார். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் துணிமணிகளை மூட்டை கட்டச் சொன்னார்.

“எந்த ஊருக்குப் போகிறோம்?” என்றாள் அவள்.

“போகாமலும் இருக்கலாம். விருப்பாட்சி வாயைத் திறப்பதைப் பொறுத்தது.”

தூதர் வேங்கடநாதர் வந்தார். சபை கூடியது. சிற்றம்பலம் ஒவ்வொரு தலைமுறையாக ஓலை காட்டி வாசித்து, முதல் தலைமுறைக்கு வந்து சேர்ந்தார்.

“இவர் படை திரட்டவில்லை. தனி ஆளாகக் கோட்டைக்குள் வந்தார். காவலர் யாராலும் தடுக்க முடியவில்லை. நேரே கருவூலத்துக்குள் காலடி வைத்தார். அன்றிருந்த அரசர் அவரை நேரில் கண்டு, சீமையையே கொடுத்துவிட்டார்.”

“பெரிய வீரர்தான்” என்று தூதர் தலையாட்டினார்.

விருப்பாட்சி எழுந்தார். “புலவர் ஒரு சொல்லை விழுங்கிவிட்டார், ஐயா. அவர் கன்னம் வைத்த திருடன். சாசனத்தை வாங்கிப் பாருங்கள்.”

 இளவரசன் தரையைப் பார்த்தான். தூதர் தாம்பூலத் தட்டை மெல்லத் தள்ளி வைத்தார்.

சிற்றம்பலம் பதறவில்லை. “சொன்னது உண்மைதான். ஆனால் இவ்வளவு பழைய சங்கதி பொக்கிஷக்காரருக்கு எப்படித் தெரியும்?”

“ஏன் தெரியாது?” விருப்பாட்சி நெஞ்சை நிமிர்த்தினார். “அந்த அரசர் காலத்திலிருந்தே கருவூலச் சாவி எங்கள் குடும்பத்தில்தான் இருக்கிறது. தகப்பனுக்குப் பின் பிள்ளை, நடுவில் ஒரு தலைமுறைகூட விட்டுப்போகவில்லை. என் வம்சத்துக்கு யாரும் ஓலை தேடவேண்டாம்.”

“சபையார் கேட்டுக்கொண்டீர்கள். தூதரே, சாசனத்தில் இரண்டாவது ஏடு ஒன்று இருக்கிறது. முதல் ஏட்டைக் கண்ட சந்தோஷத்தில் பொக்கிஷக்காரர் அதைப் புரட்டவில்லை போலும். அதையும் உரக்கப் படியுங்கள்.”

தூதர் படித்தார். ‘திருடனுக்கு ஏன் கொடுத்தாய் என்று பின்னால் வருபவர்கள் கேட்பார்கள். உடும்பன் கன்னம் வைத்து உள்ளே போனபோது கருவூலம் காலியாகக் கிடந்தது. அவனே என்னிடம் வந்து, “எனக்கு முன்பே யாரோ எடுத்துவிட்டார்கள், அரசே. ஆனால் சுவரில் என் ஓட்டையைத் தவிர வேறு ஓட்டை இல்லை” என்றான். எடுத்தது யார் என்று விசாரிக்க எனக்கு ஆயுள் இல்லை. இந்த அரண்மனையில் என்னிடம் உண்மை சொன்னவன் அவன் ஒருவன்தான்.’

தூதர் ஏட்டைத் தாழ்த்தினார். “அப்படியானால் உடும்பன் ஒன்றும் எடுக்கவில்லையே. எடுத்தது யார்?”

“அது எனக்கு எப்படித் தெரியும், ஐயா?” என்றார் சிற்றம்பலம். “சாவி யாரிடம் இருந்தது என்று ஒருவர் இப்போதுதான் சொன்னார்.”

முதலில் இளவரசன் சிரித்தான். அப்புறம் தூதர். அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சாய்ந்து, காதோரம் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. விருப்பாட்சி மட்டும் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

“உண்மை சொன்னதற்குச் சீமை பெற்ற குடும்பம் வேறெங்கும் கிடைக்காது” என்று சொல்லித் தூதர் தாம்பூலத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அரசர் சாவிக்கொத்தைப் பிடுங்கிச் சிற்றம்பலத்திடம் நீட்டினார். “இனி கருவூலம் உம் பொறுப்பு.”

சிற்றம்பலம் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“கன்னக்கோல் இருந்தால் கொடுங்கள், அரசே. சாவி மட்டும் வேண்டாம். என் பேரப்பிள்ளைகளும் ஒருநாள் பழைய ஓலைகளைப் புரட்டுவார்கள்.”