குதிரைமேட்டுல ஏறுன மூணு வண்டி

கண்ண மூடு தாயி. சாயங்காலம் அந்தச் செவப்பு வண்டியில ஏறணும்னு புழுதியில பொரண்டு அழுதியே, அந்த வண்டியோட கதையவே சொல்றேன். நடுநடுவுல ம் கொட்டணும். கொட்டலேன்னா நிறுத்திருவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு ஏலத்தோட்டம் இருந்துச்சாம். தோட்டம் குழிக்குள்ள, ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். நடுவுல குதிரைமேடுன்னு ஒரு ஏத்தம், செங்குத்தா, பூரா உருட்டுக்கல்லு. அந்தத் தோட்டத்துல போதுமணின்னு ஒரு புள்ள காய் எடுத்துக்கிட்டு இருந்துச்சாம்.

"அத்தே, அது ஒன் பேரு!"

ஏன், ஒரு பேரு ஒருத்திக்குத்தான்னு எழுதி வச்சிருக்கா? வாயப் பொத்திக்கிட்டுக் கேளு.

அப்போ தோட்டத்து மொதலாளி மொதமொத ஒரு ஜீப்பு வாங்குனாரு. கூரை கெடையாது, கதவு கெடையாது, தலைக்கு மேல ஒரு தார்ப்பாய் அம்புட்டுதான். முன்னாடி தண்டவாளம் கணக்கா ஒரு இரும்புப் பம்பரு. டர்ர்ர்ருன்னு கெளம்புனா மலையே முழிச்சுக்கும். உள்ள ஒக்காந்தா இடுப்பெலும்பு கழண்டு கையில வந்துரும். ஓட்டுறவரு சுருளியாண்டி. வண்டி இருமுனாலே எங்க வலிக்குதுன்னு சொல்லிருவாரு.

ஆனா குதிரைமேட்டுல அது ஒரு சேட்டை பண்ணும். பின்னாடி ஆளும் மூட்டையும் இருக்கா, முன்பக்கம் லேசாகிப் போயி ரெண்டு சக்கரமும் அந்தரத்துல எந்திரிக்கும். அதுக்கு எங்க சனம் ஒரு வழி கண்டுபிடிச்சுச்சு. மேடு வந்ததும் மூணு பேரு குதிச்சு ஓடி, ரெண்டு பேரு பானட்டு மேல, ஒருத்தரு பம்பரு மேல தொத்திக்குவாங்க. "ஏறு, ஏறு, கனம் குடு!"ன்னு ஒரு சத்தம். முன்சக்கரம் மண்ணுல பதியும், வண்டி ஏறிரும். இத யாரும் யாருக்கும் சொல்லித் தரல. பால் குடிக்கிற புள்ளைக்கும் தெரியும்.

"ம்."

அப்புறம் ஒரு நா, போதுமணிக்குப் பதினாலு வயசு, செடிக்கடியில கைய விட்டா. சர்ருன்னு விரியன் கொத்திருச்சு. கை வீங்கி வாழத்தண்டாட்டம் ஆயிருச்சு. சுருளியாண்டி ஏலக்கா மூட்டைகளுக்கு நடுவுல அவளப் போட்டு எடுத்தாரு. வண்டி வாங்குனது மூட்டைக்குத்தானே, மூட்டையோட மூட்டையா அவளும் போனா. மேட்டுல மூணு பேரு முன்னாடி ஏறுனாங்க. டர்ர்ர்ர், ஏறிருச்சு. பொழச்சுக்கிட்டா.

அப்புறம் வருசம் போச்சு. மொதலாளி மகளுக்குக் குளுருதுன்னு அந்த மாதிரியிலயே ரெண்டாவது வண்டி வந்துச்சு. இதுக்குத் தகரக் கூரை, கதவு, கண்ணாடி. சத்தம் கொறைஞ்சு டுர்ர்ர்ருன்னு ஆயிருச்சு. பம்பரு மெலிஞ்சு போச்சு, பானட்டு வழுவழுன்னு பிடிக்க எடமில்லாம இருந்துச்சு. அந்த வருசந்தான் போதுமணியோட அண்ணன் காசிமாயன் மொளகு பறிக்கையில ஏணி சரிஞ்சு விழுந்தான். மடார்! இடுப்பு போச்சு. மேட்டுல மூணு பேரு ஏறுனாங்க, ஒருத்தன் வழுக்கி விழுந்தான், மறுபடி ஏறுனான். காசிமாயன் பொழச்சான். இன்னைக்கும் சாச்சுச் சாச்சு நடக்குறான்.

"எங்கப்பா மாதிரியா?"

ம் மட்டும் கொட்டு.

மறுநா மொதலாளி வந்து பானட்டத் தடவிப் பாத்தாரு. "எவன்டா ஒடுக்குனது?"ன்னாரு. ஆளு பொழச்சானான்னு ஒரு வார்த்தை கேக்கல. எனக்கு அத நெனச்சா இன்னைக்கும் வயிறு எரியுது.

"ம்."

அப்புறம் மொதலாளி மகன் காலம். தோட்டத்துல பாதிய அழிச்சு மர வீடு கட்டுனான். ஊரு ஊரா ஆளுக சூரியன் எந்திரிக்கிறதப் பாக்க வந்தாங்க. அவுங்க ஊர்ல அது எந்திரிக்காது போல. அவுங்களுக்காக மூணாவது வண்டி வந்துச்சு, செவப்பா, பளபளன்னு. உள்ள ஏசி, மெத்த சீட்டு. நடுவுல டிவி மாதிரி ஒண்ணு. முன்னாடி பிளாஸ்டிக்குப் பம்பரு, அதுக்குள்ள கண்ணு வச்சிருக்காம். சத்தமே கெடையாது, உஸ்ஸுங்கும். ஓட்ட வந்த சுருளியாண்டிக்கு அர மணி நேரம் பாடம் நடத்துனாங்க. "வண்டி இப்பப் பேசவே மாட்டேங்குது, எங்க வலிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"ன்னாரு மனுசன்.

வண்டி மூணு தடவ மாறுச்சு தாயி. அந்த ரோடு ஒரு தடவ கூட மாறல.

அப்போ காசிமாயன் பொண்டாட்டி அமராவதிக்கு நெற மாசம். ஒரு காலையில வலி வந்துச்சு, கூடவே ரத்தமும் வந்துச்சு. போதுமணி போயி மொதலாளி மகன் கால்ல விழுந்தா. "சீட்டு கறையாகும், பெரிய துணியா விரிங்க"ன்னு சாவியக் குடுத்தான். விரிச்சாங்க. அமராவதி போதுமணி கையப் புடிச்சுக்கிட்டு, "மதினி, வண்டி நல்லா மெத்துனு இருக்கு"ன்னா. அந்த நெலமையிலயும் சொன்னா பாரு.

குதிரைமேடு வந்துச்சு. போதுமணி கதவத் தொறந்து குதிச்சு, "ஏறுங்க, கனம் குடுங்க!"ன்னு கத்திக்கிட்டே மொத ஆளாப் பம்பருல ஏறுனா. ரெண்டு பேரு பானட்டுல. சுருளியாண்டி மிதிச்சாரு. டிங் டிங் டிங்! வண்டி ஒரு அடி நவுந்து, படக்குன்னு தானா நின்னுருச்சு.

"ம்."

"கனம் பத்தல"ன்னா போதுமணி. இன்னும் ரெண்டு பேரு ஏறுனாங்க. மிதிச்சாரு. டிங் டிங் டிங்! அந்த டிவியில செவப்பா ஒரு ஆளு படம் வருது, வண்டி நகரல. "ஆளு நிக்குதுங்குது, எங்க நிக்குது?"ன்னு சுருளியாண்டி தலைய வெளிய நீட்டி மேட்டப் பாக்குறாரு. மேட்டுல ஒரு குருவி கூட இல்ல.

மூணாந்தடவ காசிமாயனும் நொண்டிக்கிட்டு வந்து ஏறுனான். ஆறு பேரு. டிங் டிங் டிங் டிங். உள்ள அமராவதி மொனகல் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு.

அப்புறம் போதுமணி, "தூக்குங்கடா"ன்னா. சேலையில தூளி கட்டி ஆறு பேரும் அவளத் தூக்கிக்கிட்டு கல்லு மேல ஏறுனாங்க. ஒரு மணி நேரம். உச்சிக்குப் போயித் திரும்பிப் பாத்தா, பின்னாடியே அந்த வண்டி வருது. உஸ்ஸுன்னு, வெண்ணெய் மேல வழுக்குற மாதிரி, சுருளியாண்டியத் தவிர காலியா. முன்னாடி ஒருத்தரும் இல்லாம.

அப்பத்தான் வெளங்குச்சு. அது எங்களத்தான் பாத்து நின்னுருக்கு.

பொறவு மொதலாளி மகன் சொன்னான், முன்னாடி ஆளு இருந்தா இடிக்காம நிக்குறதுக்காம். உசுரக் காப்பாத்தவாம். கனமே வேண்டாமாம் அந்த வண்டிக்கு. இத எங்ககிட்ட ஒருத்தன் மொதல்லயே சொல்லியிருந்தா என்ன? எங்களுக்காகவா செஞ்சான், எங்களுக்குச் சொல்ல!

"அமராவதி?"

ஆஸ்பத்திரி வாசல்லயே போயிட்டா.

"வயித்துல இருந்த பாப்பா?"

அவசரமாக் கிழிச்சு எடுத்தாங்க. அது வீல்வீல்னு கத்துச்சு.

"அது நானா அத்தே?"

ம்.

"அந்தப் போதுமணி... கனம் குடுன்னு கத்துனாள்ல... அவ..."

கதை இத்தோட சரி. வண்டியும் ஷெட்டுக்குப் போயிருச்சு, நீயும் தூங்கு. என்ன, தூங்கிட்டியா? ம் கொட்டு பாப்போம்.

தூங்கிட்ட.

நான்தான் தாயி. நான்தான் மொதல்ல ஏறுனேன்.