சடையப்பரின் கண்மட்டம்

எழுபது வயதுக்கு மேல் சீடராக வந்த கொத்தனார் சடையப்பருக்கு ஒரு வீம்பு. சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடும் தூக்குக்குண்டைத் தொடவே மாட்டார். இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பார். "கண்மட்டமே போதும்" என்பார்.

ஆசிரமத் தியானக் கூடத்தின் சுவரை, கட்டிய ஆட்களைக் கொண்டே இரண்டு முறை இடிக்கவைத்தார். மூன்றாம் முறையும் சுவர் கோணலாகவே தெரிந்தது. தம்மைவிட முப்பது வயது இளையவரான குரு தாயம்மையிடம் போய் நின்றார்.

"அம்மா, இந்த ஆளுங்களுக்குக் கை சரியில்ல. எல்லாரையும் அனுப்பிடுங்க."

"குண்டைத் தொங்கவிடுங்க, பார்ப்போம்."

வேண்டாவெறுப்பாகத் தொங்கவிட்டார். வழக்கம்போல் இடக்கண்ணை மூடினார்.

"நூல் எப்படி இருக்கு?"

"நடுவுல வளைஞ்சிருக்குங்க."

"அப்போ நூலையும் இடிச்சிடலாமா?"

சிரித்துக்கொண்டே மற்றக் கண்ணால் பார்க்கச் சொன்னார் தாயம்மை. நூல் நேராக நின்றது. பாவம், இத்தனை நாள் பழியெல்லாம் சுவரின் தலையில் விழுந்திருந்தது.

கண் டாக்டர் வலக்கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்துப் பார்த்தார். "வயசுனால விழித்திரையோட நடுப்பகுதி கெட்டிருக்கு. அடியில ரத்தக்குழாய் கசியுது. மாசம் ஒரு ஊசி, கண்ணுக்குள்ளயே போடணும். விட்டா நேரா பார்க்குற பார்வை போயிடும்."

கண்ணுக்குள் ஊசியா! சடையப்பர் எழுந்து தாயம்மையிடம் ஓடிவந்துவிட்டார்.

"பழைய பார்வை முழுசா திரும்புமான்னு கேட்டேன். உறுதி சொல்ல முடியாதுங்கறாரு. அப்புறம் எதுக்கும்மா போடணும்?"

"சுவத்துல தண்ணி கசிஞ்சா என்ன செய்வீங்க?"

"உடனே அடைப்பேன்."

"உதிர்ந்த பூச்சு திரும்ப வந்து ஒட்டிக்குமா?"

"எங்க ஒட்டும்? மிச்சச் சுவராவது நிக்குமேன்னு..." மறுநாளே ஊசி போட்டுக்கொள்ள பஸ் ஏறினார்.

மூன்று ஊசி ஆவதற்குள் கூடத்துக்குக் கூரையும் போட்டாகிவிட்டது. நூல் மட்டும் அங்கேயே தொங்கியது. சடையப்பர் அதன் முன் நின்று இடக்கண்ணைப் பொத்தினார். ஆட்கள் கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"லேசா புகை மாதிரி இருக்கு... ஆனா நேரா நிக்குது! அம்மா, நேரா நிக்குதும்மா!"

அவர் முதலில் கையெடுத்துக் கும்பிட்டது அந்த ஆட்களைத்தான். அவர்களோ அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். கீழே இறங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சுவரு முடிஞ்சுதே, குண்டைக் கழட்டிடவாம்மா?"

"தொங்கட்டும். இனிமே தினமும் காலையில நூல் வளையுதான்னு பார்த்து, கண்ணுக்குக் குண்டு பிடிங்க."