கீழே இறங்காத காபி

ஏற்காட்டு மலையில் குரு பூங்கோதையம்மாள் வீட்டில் ஒரு வழக்கம். காலையில் யார் காபி போடுகிறாரோ அவரோடுதான் அம்மா உட்கார்ந்து குடிப்பார். கோப்பை காலியாகும்வரை பேச்சும் அவரோடு மட்டும்தான்.

வெகுநாளாகக் காபி போட்டவர் தணிகாசலம். குருவைவிட வயதில் மூத்த சீடர். பாதி ஆயுசை ஒரு நூல் மில்லில் ராத்திரிக் காவலாகக் கழித்தவர். எந்தக் கதவு முனகியது என்று இருட்டில் படுத்தபடியே சொல்லிவிடுவார்.

ஆவணியில் சேவியர் புதுச் சீடராக வந்து சேர்ந்தார். மறுநாளே காபி வேலை சேவியர் கைக்குப் போயிற்று.

தணிகாசலம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. கேட்டேவிட்டார்.

"என் காபியில என்னம்மா குறை?"

"ஒண்ணுமில்லையே."

"பின்ன ஏன் அவருகிட்ட குடுத்தீங்க?"

"அவருக்குப் போட வரல."

"எனக்கு நல்லா வருதே, அதுக்குத் தண்டனையா?"

"நாளைக்கு நீங்க போடுங்க. மூணு பேருமாக் குடிப்போம்."

"மூணு பேரா?"

"ஏன், தூள் இல்லையா?"

அந்த வீட்டுக் காபி சைபனில் போடுவது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குடுவைகள். அடியில் ஸ்பிரிட் விளக்கு. சூடேறினால் கீழ்க்குடுவைத் தண்ணீர் குழாய் வழியாக மேலே ஏறிவிடும். அங்கே தூளைப் போட்டுக் கலக்க வேண்டும். விளக்கை அணைத்ததும் காபி துணியில் வடிந்து தானாகக் கீழே இறங்கும்.

மறுநாள் காலை தண்ணீர் ஏறியது. தணிகாசலம் தூளைப் போட்டுக் கலக்கினார். மணம் எழுந்தது.

அப்போது வாசலில் அம்மா ஏதோ சொல்வது கேட்டது. இவர் பெயர் அடிபட்டது. அடுத்து சேவியரின் சிரிப்பு.

கரண்டியைப் பிடித்தபடி தணிகாசலம் ஜன்னல் பக்கம் சாய்ந்தார். அம்மா இன்னும் தணிந்த குரலில் எதையோ சொன்னார். சேவியர் மறுபடி சிரித்தார். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை.

நெடுநேரம் கழித்து இருவரும் உள்ளே வந்தார்கள். மேல்குடுவையில் காபி கருத்துக் கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் இறங்கலையா?" என்றார் அம்மா.

"துணி அடைச்சிருக்கும்மா. நேத்து இவர்தானே அலசினாரு. அலசத் தெரிஞ்சாத்தானே."

சேவியர் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, விளக்கு எரியுது."

தணிகாசலம் விளக்கை மூடி அணைத்தார். சற்று நேரத்தில் காபி மொத்தமும் மளமளவென்று கீழே இறங்கியது.

அம்மா மூன்று கோப்பைகளில் ஊற்றினார். சேவியர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முகம் சுளிக்காமல் குடித்தார். தணிகாசலத்துக்குத் தொண்டைவரை கசந்தது.

"அம்மா."

"ம்."

"வாசல்ல என்னைப் பத்தி என்னமோ சொல்லிச் சிரிச்சீங்களே."

"காதுல விழலையா?"

"சரியா விழல."

அம்மா மிச்சக் காபியையும் குடித்துக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

"தணிகாசலம் காபியை ஒருநாள் குடிச்சுப் பாருங்க, நீங்க இத்தனை நாள் எனக்குக் குடுத்தது வெறும் வெந்நீர்னு தெரியும்னு இவர்கிட்ட சொன்னேன். சிரிச்சாரு."